தொலைபேசியை மாற்றலாம், எண்ணை இழக்கலாகாது



நம் ஆரணியில் பட்டு மொத்த வியாபாரத்தில் பெரும்பகுதி தொலைபேசியில்தான் நடக்கிறது. பெங்களூர் பட்டு நூல் விலையும், சூரத் ஜரிகை விலையும், வெளியூர் ஜவுளிக் கடைகளின் ஆர்டரும் அதில்தான் வருகின்றன. 04173 என்று தொடங்கும் நம் கடை எண் பெயர்ப் பலகையிலும், பில் புத்தகத்திலும், சேலைப் பெட்டியிலும் அச்சாகியிருக்கிறது. ஆகவே அது நம் முதலில் ஒரு பகுதி. லேண்ட்லைனை விட்டு இணையவழித் தொலைபேசிக்கு மாற விரும்புவோர் முதலில் காக்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

பழைய லேண்ட்லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகள் வருகின்றன. பேச்சோடு சுமார் 48 வோல்ட் மின்சாரமும் அதிலேயே வருவதால், கடையில் கரண்ட் போனாலும் போன் பேசும். புதிய முறையில் நம் குரல் சிறு சிறு துண்டுகளாக்கப்பட்டு, கண்ணாடி இழை வழியே சென்று, மறுமுனையில் ஒன்றுசேர்கிறது. கடையில் பொருத்தும் மோடம் பெட்டியில் நமது பழைய போனையே சொருகிக்கொள்ளலாம். ஆனால் கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. மோடம் அணைந்தால் போனும் ஊமையாகிவிடும். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை நாட்களில் சிறிய யு.பி.எஸ். சில மணி நேரமே தாங்கும். இன்வெர்ட்டரில் மோடத்தை இணைப்பதே நல்லது.

மாறுமுன் கவனிக்க வேண்டியவை:

1. பி.எஸ்.என்.எல். செம்பு இணைப்பைப் பழைய எண்ணுடனேயே ஃபைபருக்கு மாற்றித் தருகிறது. நம் தெருவில் அவ்வசதி உண்டா என்று கேட்டு, எண் மாறாது என்பதை எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும். கைபேசி எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுசெல்ல 2011 முதல் நாடு முழுவதும் வழியுண்டு. லேண்ட்லைன் எண்ணுக்கு அது பொருந்தாது.

2. வேறு நிறுவனத்துக்குப் போனால் எண் மாறிவிடும். அப்போது பழைய இணைப்பை உடனே சரண்டர் செய்யாமல் சில மாதங்கள் இரண்டையும் வைத்திருந்து, பில்லில் இரு எண்களையும் அச்சிட வேண்டும். சரண்டர் செய்யும்போது டெபாசிட் தொகையைக் கேட்டுப் பெற மறக்கலாகாது.

3. ஃபேக்ஸ், கார்டு தேய்க்கும் இயந்திரம் முதலியவை பழைய லைனில் இருந்தால், புதிய லைனில் அவை வேலை செய்கின்றனவா என்று சோதிக்க வேண்டும்.

4. இணையவழியில் பொதுத் தொலைபேசி எண்ணுடன் சேவை தர மத்திய அரசு 2018-ல் வழிசெய்தது. உரிமம் பெற்ற நிறுவனத்திடம் மட்டுமே வாங்க வேண்டும். வாட்ஸ்அப் அழைப்பு இதற்கு ஈடாகாது. அந்தச் செயலி இல்லாத வாடிக்கையாளர் அதில் நம்மைக் கூப்பிட முடியாது.

5. இணைப்பைக் கடைப் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் பெற்றால், வழக்கமான முறையில் வரி கட்டுவோர் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் உள்ளோருக்கு அது கிடையாது.

முகூர்த்த மாதங்களிலும் தீபாவளி ஆர்டர் வரும் நேரத்திலும் இம்மாற்றத்தில் இறங்க வேண்டாம். முகூர்த்தம் இல்லாத ஆடியே ஏற்ற காலம். லைன் மாறிய அன்றே வெளியூர் வியாபாரி ஒருவரைப் பழைய எண்ணில் கூப்பிடச் சொல்லி, மணி அடிக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுமாறு வேண்டுகிறோம்.