போடிமெட்டில் நின்றுவிடும் எச்சரிக்கை

ஆடி பிறந்துவிட்டால் போடி பக்கத்துச் சிலமலையில் நின்று மேற்கே பார்ப்பவர்களுக்கு மலை தெரிவது அபூர்வம். மேகம் இறங்கி மூடிக் கிடக்கும். ஊருக்குள்ளோ மழை மறைவு. காற்றுதான் ஆளைத் தள்ளும், மிஞ்சிப்போனால் சாரல். விடியுமுன் ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறும் பெண்களின் மடியில் தூக்குவாளி, தோளில் மடித்துப் போட்ட பிளாஸ்டிக் கொங்காணி. மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போடிமெட்டைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி; மாநிலம் மாறுகிறது, வானமும் மாறுகிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போது காதில் விழுந்ததோ தேனி மாவட்ட வானிலை.

பருவநிலை மாற்றத்தைக் கதையாகச் சொல்லும் வடிவமைப்புக்கு இன்று நல்ல மவுசு. கண்காட்சி, குறும்படம், சுவரோவியம் என்று விரியும் இந்தத் துறையின் நட்சத்திரம், ரெடிங் பல்கலைக்கழக விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்ட வெப்பப் பட்டைகள். ஆண்டுக்கு ஒரு பட்டை; குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு. எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. அழகான வேலைதான். ஆனால் இன்று ஜீப்பில் ஏறலாமா, கூடாதா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

பதில் சொன்ன வடிவமைப்பு வேறிடத்தில் இருக்கிறது. வங்கதேசத்தில் 1991 புயலில் ஏறத்தாழ 1.4 லட்சம் பேர் இறந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் பல மடங்கு. எச்சரிக்கை போகாமலில்லை. கொடி ஏற்றினார்கள், ஒலிபெருக்கியில் கத்தினார்கள். பிறகு ஏன் வீட்டிலேயே இருந்தார்கள் என்று பிழைத்தவர்களிடம் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. கணவர் வரட்டும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும் கூடத்தில், மறைவான கழிப்பறைகூட இல்லாமல், ராத்திரி முழுக்க எப்படி நிற்பது என்று தயங்கியவர்கள் உண்டு. மாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாதவர்களும் உண்டு. அந்த வாய்மொழிகள்தான் பின்னாளில் கட்டிய புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறையாகவும், கழிப்பறையாகவும், கால்நடைக்கு இடமாகவும் உருவெடுத்தன. எச்சரிக்கைத் தொண்டர்களிலும் இன்று ஏறத்தாழ பாதிப்பேர் பெண்கள். 2020இல் அம்பன் புயல் தாக்கியபோது அங்கே இறந்தவர்கள் சில பத்துப் பேர் மட்டுமே.

போடிக்கும் அப்படிப் பாடம் சொல்லக்கூடிய ஒரு கதை இருந்தது. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் இந்த ஊர் வழியாகத்தான் வெளியுலகம் போனது. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளம். 1908இல் அது ரயிலானது. டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கிய பெட்டிகள் மாட்டுவண்டியில் போடி வந்தன. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு யாரும் அதை மறுபடி போடவில்லை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தார் அதை 99 வெள்ளம் என்பார்கள். 2018 ஆகஸ்டில் இடுக்கித் திட்டத்தின் செறுதோணி மதகுகள் ஐந்தையும் திறந்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க அங்குள்ளவர்களுக்கு அந்தக் கதை கை கொடுத்தது. இந்தப் பக்கமோ அது சுற்றுலாக் கதையாகத் தேய்ந்துவிட்டது. ரயில் நினைவிருக்கிறது, மழை நினைவில்லை.

இன்றைய எச்சரிக்கையும் ஒரு வடிவமைப்புதான். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. மழை பெய்தால் கனமழை, 115.6 என்றால் மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை என்று வானிலை ஆய்வு மையம் பிரிக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாவட்டவாரியாக நிறம் பூசுகிறது. குடியிருப்பும் வேலையும் ஒரே மாவட்டத்தில் உள்ளவருக்கு இது போதும். தேனியில் தூங்கி எழுந்து இடுக்கியில் கூலி வாங்குபவருக்குப் போதாது. தேனிக்கு நிறமே இல்லாத நாளில் இடுக்கி சிவந்து கிடக்கலாம். மலையாளச் செய்தி அவர் வீட்டில் ஓடுவதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள்; பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனதால் சேதி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று.

கதையை நம்பி முடிவெடுக்கக் கூடாது, மழைமானியை நம்புங்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான பேச்சு. மழைமானிக்கு யாரும் எதிரியில்லை. அது காட்டும் எண் ஜீப்பில் இருப்பவரை எட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எட்டினாலும் இன்னொரு முடிச்சு பாக்கி. ஏலக்காய்ப் பறிப்பு சூடுபிடிப்பது ஆகஸ்டில், மழை இன்னும் ஓயாத நேரத்தில். ஜீப் திரும்பினால் அன்றைய கூலி போச்சு. சிவப்பு நிறத்தைப் பார்த்துவிட்டும் ஏறுபவர், விவரம் தெரியாமல் ஏறவில்லை. வீட்டுக் கணக்கைப் பார்த்து ஏறுகிறார். எந்தச் சுவரோவியமும் இந்தக் கணக்கை வரைவதில்லை. சுயதொழில் பெண்களின் சங்கமான சேவாவின் உறுப்பினர்கள் வெயிலுக்கு இதே கணக்கைத்தான் சொன்னார்கள்: வேலைக்குப் போனால் மயக்கம், போகாவிட்டால் பட்டினி. அதிலிருந்து பிறந்ததுதான் குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரத்தில் சுமார் 50,000 பெண்களுக்கான வெப்பக் காப்பீடு. 2024 கோடையில் வெப்பநிலை குறித்த அளவைத் தாண்டியதும் பணம் நேரே கணக்கில் விழுந்தது. யாரும் மனு எழுதவில்லை.

மலைக்கும் அப்படி ஓர் அளவு வைக்கலாம். எத்தனை மி.மீ. மழைக்கு ஜீப் ஏறக் கூடாது, எந்தத் தோட்டத்துச் சரிவு முதலில் இளகும், ஏறாத நாளுக்குப் பாதிக் கூலியாவது யார் தருவது என்பதையெல்லாம் பறிப்புக்குப் போகிறவர்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். அதற்கான கூட்டத்தைப் பறிப்பு நாளில் போடியில் கூட்டினால் ஆள் வராது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சிலமலையிலேயே வைத்தால் வருவார்கள்.