கேள்வி கேட்காமல் அனுப்புங்கள்

வகுப்பு நடக்கும்போது ஒரு சிறுமி சட்டெனக் குத்துக்காலிட்டு, குதிகாலைத் தொடையிடுக்கில் அழுத்தி அசையாமல் இருப்பாள். டீச்சருக்கு அது சேட்டை. அவளோ ஒண்ணுக்கை அடக்கிக்கொண்டிருக்கிறாள். இந்த இருப்பை வின்சென்ட் என்ற மருத்துவர் 1966-லேயே விவரித்துவிட்டார்.

நிரவி, நெடுங்காடு, திருநள்ளாறு பக்கமிருந்து காலையில் காரைக்காலுக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளில், வீடு திரும்பும்வரை அடக்கிவைப்பவர்கள் உண்டு. கழிப்பறை நாறும், தாழ்ப்பாள் இருக்காது. அதனால் தண்ணீரையே குடிப்பதில்லை. இந்தக் கடற்கரை வெக்கையில் அது இரட்டைக் கேடு. ஏழு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை சுமார் 240 மில்லிதான் கொள்ளும். நாள்தோறும் அடக்கினால் பையின் தசை முரண்டு பிடித்து, நினையாத நேரத்தில் சுருங்கும். பையின் வாய்த்தசையோ இறுகிப் பழகிவிடுவதால், போகும்போதும் முழுதாகப் போகாது. மிச்சம் தேங்கிக் கிருமித்தொற்று வரும்; தொற்று வந்தால் இன்னும் கசியும். மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டால் நிறைந்த மலக்குடல் பையை நெருக்கும். பல பிள்ளைகளுக்கு மலச்சிக்கலைச் சரிசெய்தாலே பாதித் தொல்லை தீரும்.

இரவில் பாயை நனைப்பது வேறு கதை. ஐந்து வயதுவரை அது நோயே அல்ல. ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் நனைப்பார்கள். அவர்களில் ஆறேழு பேரில் ஒருவருக்கு ஆண்டுதோறும் தானாகவே நின்றுவிடும். மந்திரித்துக் கட்டிய கயிற்றுக்குப் பேர் கிடைப்பது இப்படித்தான்! இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் போதாமை, எளிதில் கலையாத தூக்கம், பரம்பரை ஆகியவை முக்கியக் காரணங்கள். அடித்தால் ஹார்மோன் சுரக்காது.

இரண்டு மூன்று மணிக்கொரு முறை, வந்தாலும் வராவிட்டாலும், போகப் பழக்குங்கள். மேல்நாட்டுக் கழிப்பறையென்றால் காலுக்கடியில் ஒரு பலகை வையுங்கள். கால் தொங்கினால் தசை தளராது. தண்ணீரைப் பகலில் தாராளமாகக் கொடுத்து, பொழுது சாய்ந்தபின் குறையுங்கள். ஆறு மாதம் நனைக்காத பிள்ளை மீண்டும் நனைத்தாலோ, எரிச்சல், காய்ச்சல், ஓயாத சொட்டல், அதிகத் தாகத்தோடு எடை குறைதல், நடையில் தளர்ச்சி இருந்தாலோ அரசு பொது மருத்துவமனைக்கு உடனே கூட்டிப் போங்கள். அதிகத் தாகமும் எடைக்குறைவும் சர்க்கரை நோயின் அடையாளமாக இருக்கலாம்.

பள்ளிகளில் கழிப்பறை கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே உத்தரவிட்டது. கேரளத்தில் 2019-லும் தமிழ்நாட்டில் 2025-லும் தண்ணீர் குடிக்க ‘வாட்டர் பெல்’ அடிக்கத் தொடங்கினார்கள். குடிக்க மணியடித்துவிட்டு, போகக் கேட்டால் ‘இன்டர்வெல்ல என்ன பண்ணினே?’ என்று உட்காரவைப்பது என்ன நியாயம்? ஆசிரியர்களே, பிள்ளை கையைத் தூக்கினால் கேள்வி கேட்காமல் அனுப்புங்கள். பெற்றோரே, பள்ளிப் பையில் ஒரு மாற்று உடை வைத்து, விஷயத்தை வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள்.