சமையல் எரிவாயுக் கசிவு: ரெகுலேட்டரில் கவனம்

சிலிண்டர் வால்வினுள் சிறிய ரப்பர் வளையம் ஒன்றுண்டு. அது வெடித்திருந்தாலோ, இல்லாமற்போனாலோ, ரெகுலேட்டர் சரியாகப் பொருந்தியதுபோல் தோன்றினும் வாயு கசியும். ஆதலால் புதிய சிலிண்டர் வந்ததும், கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே இணைப்பில் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த இவ்வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை உணர்த்தவே எத்தில் மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது. முதியோர் பலருக்கு முகர்திறன் குறைந்திருக்கும், கடுஞ்சளியிலும் அப்படியே. அத்தகையோர் தனித்துச் சமைக்கும் வீட்டில் மூக்கை மட்டும் நம்ப இயலாது. காற்றைவிடக் கனமான இவ்வாயு தரையோரம் தங்கும். ஆடிச் சாரலுக்குச் சன்னல்களை அடைத்த அடுக்களையிலோ வெளியேற வழியே இராது.

நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஆக்சிஜன் செறிவூட்டியில் இருக்கும் நோயாளியை முதலில் வெளியே கொண்டுவாருங்கள். அக்கருவியின் சுவிட்சுக்கும் இது பொருந்தும். அடுப்பையும் ரெகுலேட்டரையும் அடைத்து, கதவு சன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்குப் பாதுகாப்பு மூடியை இடுங்கள். பின்னர் வெளியே சென்று 1906 என்ற எண்ணை அழையுங்கள். வளையத்தை மாற்றுவது எரிவாயு நிறுவன மெக்கானிக்கின் வேலை. ஊசியால் நோண்ட வேண்டாம்.

தீக்காயம் பட்டுவிட்டால் குழாய்நீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். தேங்காயெண்ணெய், பற்பசை, மை எதுவும் பூசாமல், தூய துணியால் மூடி 108 ஆம்புலன்சில் அழைத்துவாருங்கள்.