கரிக்கோட்டுக்குள் இருக்கும் காலம்

திருப்பதிக்கு அருகிலுள்ள ஊர் ஸ்ரீகாளஹஸ்தி. அங்கே கலம்காரி ஓவியர்கள், கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்திய பருத்தித் துணியில் புளியங்குச்சிக் கரியால் முதல் கோடுகளைப் போடுகிறார்கள். பிறகு முனையில் துணியும் நூலும் சுற்றிய மூங்கில் எழுதுகோலான கலத்தை எடுத்து, இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த மையால் அவற்றின்மேல் வரைகிறார்கள். கடுக்காய்ச் சாறு ஏறிய துணியில் அந்த மை பட்டதும் கறுத்து நிலைத்துவிடும். சிவப்பு வேண்டிய இடத்தில் பூசுவதோ படிகார நீர். சாயவேரோடு கொதிக்கவைத்த பிறகே அங்கே சிவப்பு தெரியவரும். இப்படிப் படிப்படியாக வெளிப்படும் ஓவியம், முடிந்த துணியில் தன் வளர்ச்சியைக் காட்டுவதில்லை. முதலில் போட்ட கரி அலசலோடு போய்விடுகிறது. துணி மறைத்துவிடும் இந்தக் காலத்தைத் திறந்து காட்டும் கலைதான் ஓவியங்களிலிருந்து பிறக்கும் காணொளி நிறுவல். அதன் வேர் கேமராவில் இல்லை, கோட்டில் இருக்கிறது.

ஜோகன்னஸ்பர்க் ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் செய்துவரும் படங்கள் இதை விளக்கும். சுவரில் ஒட்டிய தாளில் கரியால் வரைகிறார், கேமராவில் ஓரிரு சட்டகங்கள் பதிகிறார், திரும்பி வந்து ஒரு பகுதியை அழித்து மாற்றுகிறார், மறுபடி பதிகிறார். ஒரு முழுக் காட்சிக்கும் பெரும்பாலும் ஒரே தாள்தான். 1994இல் வந்த ‘ஃபெலிக்ஸ் இன் எக்ஸைல்’ படத்துக்கு அவருக்கு நாற்பது ஓவியங்களே போதுமாயிருந்தன. அழித்த கரி முழுதாய்ப் போகாமல் சாம்பல் தடமாய் நிற்பதால், நகர்ந்த உருவத்தின் பழைய இடமும் கண்ணில் படுகிறது. மும்பையின் நளினி மலானி ஐபேடில் விரலால் வரைந்த 88 அசைவோவியங்களை 2020இல் லண்டன் வைட்சேப்பல் கூடத்தின் சுவர்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒளிரவிட்டார். பார்ப்பவர் எங்கே நின்றாலும் வேறொரு கோடு அவரைக் கடந்து ஓடும்.

இது கார்ட்டூன்தானே என்று கேட்கலாம். வழக்கமான கார்ட்டூனில் அசைவு தடையின்றி ஓடவேண்டும் என்பதற்காக வரைந்த கையின் தடுமாற்றம் துடைக்கப்படுகிறது. இங்கே அந்தத் தடுமாற்றமே பொருள். தவிர, நிறுவலில் தொடக்கமும் முடிவும் பார்ப்பவரின் நடையைப் பொறுத்தவை. காளஹஸ்தியின் ராமாயணத் துணியும், நடுவில் பெரிய உருவமும் சுற்றிலும் வரிசையான கட்டங்களுமாக, கண்ணை நடத்தித்தான் கதை சொல்கிறது. இயந்திரம் கைத்திறனைக் கொன்றுவிடும் என்ற அச்சமும் உண்டு. ஒரே தாளை நூற்றுக்கணக்கான தடவை திருத்துபவருக்குக் கைவேலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. மின்சாரம் நின்றால் நிறுவல் இல்லை, துணியோ தலைமுறை தாண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதை மறுக்கத் தேவையுமில்லை. கலம்காரியின் மை அழியாத முடிவை நமக்குத் தருகிறது. முடிவுக்கு முன் ஒரு கை எத்தனை முறை மனம் மாறியது என்பதை அது சொல்லாது. அலசலில் போய்விடும் அந்தப் புளியங்கரிக்கும் ஒரு கதை உண்டு. அதைச் சொல்லத்தான் அசையும் ஓவியம் தேவைப்படுகிறது.