கடலின் அடிமடி

தேசப் பாதுகாப்பு என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன யாவை? இமயத்துப் பனிச் சிகரங்களில் நிற்கும் சிப்பாய்கள். வானில் சீறும் விமானங்கள். கடலில் காவல் புரியும் போர்க்கப்பல்கள். கடலடியில் அசைந்தாடும் புல்லை எவரும் நினைப்பதில்லை. ஆனால் அந்தப் புல் அழிந்ததனால் நட்பு நாடு ஒன்றோடு நமக்குத் தீராத வழக்கு மூண்டிருக்கிறது. அவ்வரலாற்றை நேயர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கையின் வடகரைக்கும் நடுவே உள்ள பாக் விரிகுடாவைக் கடல் என்பதைவிடப் பெரியதோர் ஏரி என்றே சொல்லலாம். பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டருக்கு உட்பட்டதே. அதன் அடித்தரையில் கடற்புல் வயல்கள் பரந்து கிடந்தன. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அவற்றில் ஒளிந்து வளர்ந்தன. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு அங்கே மேய்ந்தது. இருகரை மீனவரும் பாயை விரித்துச் சென்று, வேண்டிய மட்டும் பிடித்துத் திரும்பினர்.

1952-ஆம் வருஷம் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கேரளக் கரையில் தொடங்கிய அத்திட்டத்தின் நோக்கம் நல்லதே. ஏழை மீனவனின் படகுக்கு இயந்திரம் பூட்டி, அவன் வருவாயைப் பெருக்குவதே அது. பின்னர் அந்நிய நாடுகளில் இறாலுக்குக் கிராக்கி ஏற்பட்டது. இயந்திரப் படகோடு இழுவை மடி வலையும் கரைக்குக் கரை பரவி, பாக் விரிகுடாவையும் அடைந்தது.

இழுவை மடி என்பது பை போன்ற பெரிய வலை. அதன் வாயை விரித்து நிறுத்த இரு பலகைகள் உண்டு. அடிப்புறம் கனமான கயிறு அல்லது சங்கிலி உண்டு. படகு இழுக்க இழுக்க அது கடல் தரையை உழுதுகொண்டே செல்லும். வயலில் உழுபவன் விதைப்பதற்காக உழுகிறான். இங்கோ உழவு மாத்திரம் உண்டு, விதைப்பு இல்லை! புல் பெயர்கிறது, சேறு கலங்குகிறது, விலைக்கு உதவாத குஞ்சுகளும் இறாலோடு மடிகின்றன. 'அடிமடியில் கை வைப்பது' என்று நம் பெரியோர் சொல்வார்கள். மடி என்று பெயர் பூண்ட இவ்வலை கடலன்னையின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டது.

நம் பக்கத்துக் கடல் வறுமையுற்ற காலத்தில் எதிர்க்கரையில் யுத்தம் மூண்டது. 1983 முதல் 2009 வரை நடந்த அந்த உள்நாட்டுப் போரில் இலங்கைத் தமிழ் மீனவருக்குக் கடல் பெரும்பாலும் அடைபட்டுக் கிடந்தது. 1974, 1976-ஆம் வருஷத்து ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோட்டைக் கடந்து நம் விசைப்படகுகள் அங்கே சென்றன. போர் ஓய்ந்து அவர்கள் சிறு படகுகளோடு திரும்பியபோது, கடன் வாங்கி விரித்த அவர்கள் வலைகளை நம் இழுவை மடிகள் இரவோடு இரவாக அறுத்துச் சென்றன. அறுபட்டவனும் தமிழன், அறுத்தவனும் தமிழன்! 2017-இல் இலங்கை அரசு இழுவை மடியைச் சட்டத்தினால் தடுத்தது. 2024-ஆம் வருஷத்தில் மட்டும் நம் மீனவர் 500 பேருக்கு மேல் அந்நாட்டுக் கடற்படையால் சிறைபிடிக்கப்பட்டனர்.

நிராயுதபாணியான மீனவன்மீது குண்டு பாய்வதை நாம் ஒருகாலும் பொறுக்கமாட்டோம். ஆயினும் கச்சத்தீவைப் பற்றி மேடைதோறும் முழங்கும் நாம் ஒன்றை யோசிக்க வேண்டாமா? அத்தீவு நாளையே நம் கைக்கு வந்தாலும், அழிந்த புல்வயல் கூட வந்துவிடுமா?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2008-இல் மும்பையைத் தாக்கிய கொடியோர், நம் மீன்படகு ஒன்றைக் கைப்பற்றியே கரையை அணுகினர். அதன் பிறகு மீனவரே கடற்கரையின் கண்ணும் காதும் என்று அரசினர் வற்புறுத்தி வந்தனர். பசியினால் இருளில் ஒளிந்து எல்லை தாண்டுகிறவன் எல்லைக்குக் கண்ணாக எப்படி இருப்பான்?

பரிகாரம் இல்லாமலில்லை. 2017-இல் மத்திய, மாநில அரசுகள் 2,000 இழுவைப் படகுகளை விலக்கி, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகளை அளிக்கத் திட்டமிட்டன. அதில் ஒரு சிறு பகுதியே நிறைவேறியது. 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு அரசு நூற்றுக்கு எழுபது கொடுத்தாலும், மீதித் தொகை எளியவனை மலைக்க வைத்தது. ஆழ்கடலில் பல நாள் தங்கும் தொழிலும் அவனுக்குப் புதிது. 2022-இல் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுவுக்கெனக் காப்பகமாக்கியது. இது போற்றத்தக்க தொடக்கம்.

இழுவை மடியைக் கைவிடும் மீனவனுக்கு அளிக்கும் பணத்தைத் தானமென்று எண்ணுதல் தவறு. கூலிக்குப் படகேறும் தொழிலாளிக்கும் அதில் பங்கு வேண்டும். போர்க்கப்பலுக்குச் செலவிடும் தொகையை எந்தக் கணக்கில் எழுதுகிறோமோ, அதே கணக்கில் இதையும் எழுதுவோமாக! நம் கரையில் மீன் மீண்டும் துள்ளுமாயின் எல்லைக்கோடு தானே அமைதி பெறும்.