மலைமேல் ஒரு கடல்

உப்புநீர் மீன்தொட்டியில் முதலில் வளர்க்க வேண்டியது மீனை அல்ல, பாக்டீரியாவை. தேவிகுளம் போன்ற உயரத்தில் அதற்கு ஏற்ற வீடு எது?

சென்னை மெரினாவில் 1909-ல் நாட்டின் முதல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டபோது, கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளத்திலோ கடலைப் பார்க்க 130 கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்கி கொச்சிக்குப் போக வேண்டும். சுமார் 1,800 மீட்டர் உயரம், தேயிலைச் சரிவுகள், பனிமூட்டம். இங்கே ஒருவர் வீட்டுக் கூடத்தில் கோமாளி மீன் வளர்க்க ஆசைப்பட்டால்?

முடியாத காரியமல்ல. கடல் உப்புக் கலவை பாக்கெட்டில் கிடைக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கலந்தால் கடல்நீர் தயார். ஆனால், அந்தத் தண்ணீர் கெடாமல் இருக்க வேண்டுமே? பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் ஏமாறுவது இங்கேதான். தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். ஒரு புள்ளி கூடினால், அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்காகிறது. கடல்நீரின் பி.எச். 8-க்கு மேல். தங்கமீன் தாங்கிக்கொள்ளும் அளவு கடல்மீனைக் கொன்றுவிடலாம்.

இதற்கு இயற்கையே வைத்திருக்கும் தீர்வு பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றும். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி இவற்றைப் பிரித்துக் காட்டினார். உயிரியல் வடிகட்டி என்பது இந்த நுண்ணுயிர்களுக்குத் தங்க இடமும் மூச்சுவிட ஆக்ஸிஜனும் தரும் ஏற்பாடு. அவ்வளவே.

கல்லும் சட்டமும்

இந்த இடமாக உலகெங்கும் பெரிதும் விரும்பப்படுவது ‘உயிர்ப்பாறை’. பவளத்திட்டிலிருந்து எடுக்கப்படும், நுண்ணுயிர்கள் குடியேறிய சுண்ணாம்புக் கல். 1960-களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் இந்த முறையை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கல்லின் மேற்பரப்பில் அம்மோனியா நைட்ரேட்டாகும். ஆக்ஸிஜன் எட்டாத உட்புறத்தில் அந்த நைட்ரேட்டும் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறும். அருமையான வடிகட்டிதான்.

ஆனால், இந்தியக் கடலிலிருந்து அதை எடுக்க முடியாது. கட்டக்கூடாத விலையைக் கொடுத்த பிறகு வந்த தடை இது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளம் வெட்டப்பட்டது. அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கியதற்கு அதுவே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 2001-ல் பாறை உருவாக்கும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. உயிருள்ளதோ செத்ததோ, பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். கடைக்காரர் ரகசியமாக எடுத்துத் தரும் ‘கடல் கல்’லை மறுப்பதுதான் முதல் தேர்வு.

நான்கு வழிகள்

மிச்சமிருப்பவற்றில் மலிவானது, மணலுக்கு அடியில் துளையுள்ள தட்டு வைக்கும் முறை. மணலே வடிகட்டியாகிறது. ஆனால், நாளடைவில் கழிவு அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்ய மொத்தத் தொட்டியையும் கலைக்க வேண்டிவரும்.

இரண்டாவது ஸ்பாஞ்ச் ஃபில்டர். காற்று மோட்டார் ஒன்று போதும். சிறிய தொட்டிக்கும், நோயுற்ற மீனைத் தனியே வைக்கவும் ஏற்றது. பெரிய தொட்டியின் பாரத்தைத் தாங்காது.

மூன்றாவது, பீங்கான் வளையங்கள் நிரப்பிய மூடிய கேனிஸ்டர். பார்க்கக் கச்சிதம். ஆனால், மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும் மலைப்பகுதிக்கு இது ஆபத்தானது. ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் சாகத் தொடங்கும். மின்சாரம் திரும்பியதும் அந்த அழுகல் நீர் நேரே மீன்களிடம் போய்ச் சேரும்.

நான்காவது சொட்டு ஃபில்டர். தொட்டி நீர் துளைத்தட்டு வழியாகப் பிளாஸ்டிக் பந்துகளின் மேல் மழைபோல் விழுந்து, கீழே உள்ள அடித்தொட்டியில் சேர்ந்து, மோட்டார் மூலம் மேலேறுகிறது. பந்துகள் நீரில் மூழ்குவதில்லை. ஈரமாகக் காற்றில் இருக்கின்றன.

தேவிகுளத்துக்கு இதுவே பொருத்தம் என்பதற்குக் காரணம் காற்றழுத்தம். 26 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். கடல்நீரில் அது 7-க்கும் கீழே. காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த இந்த உயரத்தில் ஏறத்தாழ ஐந்தரைதான். அந்தக் கொஞ்சத்துக்கும் மீனும் பாக்டீரியாவும் போட்டி போடுகின்றன. சொட்டு ஃபில்டரில் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்தே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்வதால் மீனின் பங்கு குறைவதில்லை. மின்சாரம் போனாலும், பந்துகள் ஈரம் காயாத வரை அவை தாக்குப்பிடிக்கும். மீன்களுக்கு மட்டும் பாட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று தயாராக இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. மோட்டார் நின்றதும் மேலிருந்து வடியும் நீரைத் தாங்க அடித்தொட்டியில் காலியிடம் விட வேண்டும். நீர் ஆவியாகிக் குளிரும். ஜனவரி இரவுகளில் பூஜ்யத்தை நெருங்கும் ஊரில் ஹீட்டர் கட்டாயம். ஆவியானதற்கு ஈடாக ஊற்ற வேண்டியது நன்னீர், உப்பு ஆவியாவதில்லை. நைட்ரேட்டும் இதில் சேர்ந்துகொண்டே போகும். 200 லிட்டர் தொட்டியில் 15 சதவீத நீரை மாற்ற, ஒவ்வொரு முறையும் ஒரு கிலோவுக்கு மேல் உப்பு செலவாகும். ஆக, கடல் தொலைவில் இருப்பவர் மீன்களைக் குறைத்து வைப்பதே சிக்கனம்.

கொச்சியின் உதவி

கேரளத்துக்கு இந்த விஷயம் புதிதல்ல. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (குசாட்) இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்காக, உப்புநீருக்குப் பழகிய பாக்டீரியாக்களைத் திரட்டி வடிகட்டிகளை உருவாக்கியது. வீட்டுத் தொட்டிக்கும் அதில் பாடம் உண்டு: நன்னீர்த் தொட்டியின் பாக்டீரியாக்கள் கடல்நீரில் எதிர்பார்த்த பலன் தராது. ஏற்கெனவே ஓடும் ஆரோக்கியமான கடல்தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வாங்கிப் போடுவது நல்லது. அதைக் குழாய் நீரில் கழுவக்கூடாது, குளோரின் கொன்றுவிடும்.

பிறகு வேண்டியது பொறுமை. மீன் இல்லாத தொட்டியில் சிறிது அம்மோனியம் குளோரைடு கலந்து, பரிசோதனைக் கிட்டில் நாள்தோறும் பார்க்க வேண்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பின்னர் நைட்ரைட். இரண்டும் பூஜ்யத்தைத் தொட நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். குளிரில் இன்னும் தாமதமாகும்.

அதன் பிறகு பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு கோமாளி மீன்களோடு தொடங்கலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் இந்த இனப்பெருக்கத்தைச் செய்து காட்டியிருப்பதால், கடலில் வலை வீசத் தேவையில்லை. அதுவரை வீட்டுக்கு வருபவர்கள் விளக்குப் போட்ட வெறும் தண்ணீரைப் பார்த்துச் சிரிக்கலாம். அந்த ஆறு வாரச் சிரிப்பைப் பொறுத்துக்கொள்பவரின் மீன்களுக்குத்தான் மலைமேல் ஆயுள் கெட்டி.