முழங்கால் வலியும் பூசும் ஜெல்லும்

மார்கழிக் குளிரில் தில்லியிலும் லக்னோவிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், முதியோர் முழங்கால் வலியால் வருந்துவதைக் காண்கிறோம். உடனே அலமாரியிலிருந்து டைக்ளோஃபெனாக் ஜெல் அடங்கிய குழாய் வெளிவரும். அதன்மீதுள்ள ஆங்கிலமும் இந்தியும் படிக்க இயலாத பாட்டியர், தைலம் தேய்ப்பதுபோல் அதைத் தேய்த்துவிடுகின்றனர்.

டைக்ளோஃபெனாக் நீரில் எளிதில் கரைவதன்று. கொழுப்பை நாடும் இயல்பினது. கரையாத மருந்து தோலினுள் புகாது. நம் தோலின் மேற்புறத்தில், இறந்த உயிரணுக்கள் செங்கற்களாகவும் கொழுப்பு சாந்தாகவும் அமைந்த மெல்லிய சுவர் ஒன்று உண்டு. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாகப் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே அதன் பருமன். ஆயினும் அதைக் கடப்பது அரிது.

ஆகவே மருந்தியலார் டைக்ளோஃபெனாக்கை டைஎத்திலமீன் உப்பாக மாற்றினர். பரவலாக விற்கும் வகையில், 100 கிராம் ஜெல்லில் அவ்வுப்பு 1.16 கிராம் உள்ளது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், புரொப்பிலீன் கிளைக்கால் ஆகியவை அதைக் கரைக்கின்றன. நுண்ணிய எண்ணெய்த் துளிகளும் உடன் கலந்துள்ளன. கார்போமர் என்னும் பொருள் நீரில் உப்பி, யாவற்றையும் கூழாகப் பிடித்து வைக்கிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கரைப்பான் மருந்துக்கு மிகவும் இதமாயிருந்தால், விருந்து பலமான வீட்டில் விருந்தாளி தங்கிவிடுவதுபோல், மருந்து ஜெல்லிலேயே தங்கிவிடும். பூசியபின் ஆல்கஹாலும் நீரும் ஆவியாக, எஞ்சிய படலத்தில் மருந்து செறிந்து, தோலின் கொழுப்பை நாடிச் செல்கிறது. பூசியவுடன் தோன்றும் குளிர்ச்சி அந்த ஆவியாதலால் வருவதே. மருந்து வேலை செய்துவிட்டதற்கு அடையாளமன்று.

ஒரு முழங்காலில் நாள்தோறும் நான்கு முறை, முறைக்கு 4 கிராம் பூசினாலும், மாத்திரை உண்பதோடு ஒப்பிட இரத்தத்தில் சேர்வது ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கே. வயிற்றுக்கு இது நன்மை. ஆனால் ஆழத்திலுள்ள இடுப்பு மூட்டுக்கு இதனை நம்புவதற்கில்லை.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ஜெல்லைப் பூசி அதன்மேல் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டார். தோல் சிவந்து புண்ணாயிற்று. வெப்பமும் இறுக்கிய கட்டும் மருந்தை அளவுக்கு மிஞ்சி உட்செலுத்தும். புண்ணிலும் கண்ணருகிலும் பூசலாகாது. கை வலிக்குப் பூசினாலன்றி, பூசியபின் கையைக் கழுவுதல் வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரினால் மூச்சிரைப்பு உள்ளோரும், கருவுற்ற மகளிரும் முதலில் மருத்துவரைக் கேட்கவேண்டும். வலி மாத்திரை உண்பவராயின் அதனையும் மறைக்காது சொல்லுக. வீட்டுப் பிள்ளைகள் குழாயின் எழுத்தைப் பாட்டிக்குத் தமிழில் படித்துக் காட்டலாமே.